பதில் எந்தப் பெயரில் இருக்கிறது?

மாடியில் தொட்டி வைத்துக் கறிவேப்பிலை வளர்ப்பவர்களுக்கு ஏதாவது ஒரு பருவத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: கொழுந்தெல்லாம் ஏன் சுருண்டுகொள்கிறது? தெரிந்தவர்களைக் கேட்டால், ஒருவர் தண்ணீர் அதிகம் என்பார், இன்னொருவர் புளித்த மோரை ஊற்றச் சொல்வார். பூச்சியியல் அறிஞர்களோ இதற்கான விடையை நூறாண்டுக்கும் மேலாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்தக் குவியலின் பெரும்பகுதியில் கறிவேப்பிலை என்ற சொல்லே கிடையாது. விடை இருக்கிறது, நாம் கேட்கும் சொல்லில் இல்லை. பழைய எழுத்துகளில் தேடுவதன் நுட்பம் எல்லாமே இந்த இடைவெளியைக் கடப்பதில்தான் இருக்கிறது.

அதற்கு முதலில் தேடுபொறி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் அது எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்ப்பதில்லை. புரட்டும் வேலை முன்பே முடிந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது எந்தெந்த ஆவணத்தில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்ற பட்டியல் தயாராக இருக்கும். 'கறிவேப்பிலை கொழுந்து' என்று தேடினால் இரண்டு பட்டியல்களையும் எடுத்து, இரண்டிலும் இருக்கும் ஆவணங்களை மட்டும் பிரித்தெடுக்கிறது. இதற்குத் தமிழில் நல்ல பழைய பெயர் இருக்கிறது: சொல்லடைவு. பாரிஸில் ஹியூ என்ற டொமினிக்கன் துறவியின் மேற்பார்வையில் 1230-களில் லத்தீன் விவிலியத்துக்குச் சொல்லடைவு செய்தார்கள், எல்லாம் கையால். பழந்தமிழ் இலக்கியங்களுக்கு ந. சுப்பிரமணியன் தொகுத்த சொல்லடைவைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1966-இல் வெளியிட்டது. இன்றைய தேடுபொறிகளின் அடித்தளமும் அதே பட்டியல்தான்.

சொல்லடைவுக்குத் தெரிவது சொல், பொருள் அல்ல. இன்றைய பொறிகள் பொருளையும் ஊகிக்கப் பழகியிருக்கின்றன, ஆனால் நூலகங்கள், பல்கலைக்கழகங்களின் மின்தொகுப்புகள் பலவற்றில் இன்னும் சொல்லுக்குச் சொல்தான் பொருந்த வேண்டும். அப்படித் தேடினால் எவ்வளவு தவறிப்போகும் என்பதை 1985-இல் டேவிட் பிளேர், எம். ஈ. மேரன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஒரு பெரிய வழக்குக்காக ஏறத்தாழ 40,000 ஆவணங்கள் ஐபிஎம்மின் ஸ்டெயர்ஸ் என்ற தேடல் மென்பொருளில் ஏற்றப்பட்டிருந்தன. தேவையானவற்றில் 75 விழுக்காடாவது கைக்கு வர வேண்டும் என்று வழக்கறிஞர்கள் கேட்டிருந்தார்கள், வந்துவிட்டது என்றும் நம்பினார்கள். உண்மையில் வந்தது 20 விழுக்காடு அளவுதான். வழக்கு ஒரு விபத்தைப் பற்றியது. ஆனால் அதில் தொடர்புடையவர்கள் எல்லோரும் அதை விபத்து என்று எழுதவில்லை. சிலர் 'சம்பவம்' என்றார்கள், சிலர் 'நிலைமை', 'சிக்கல்' என்றார்கள். தேடலைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளில் இதைவிட முக்கியமானது குறைவு என்று நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள், நேரம் ஒதுக்கி, சிரத்தையோடு தேடியும், தவறவிட்டது தெரியாமலேயே திருப்தியோடு எழுந்து போனார்கள். 'தேடிப் பார்த்தேன், எதுவும் இல்லை' என்று நாம் சொல்லும்போது அதன் பொருள் பெரும்பாலும் 'என் சொல்லில் இல்லை' என்பதே.

ஆகவே கறிவேப்பிலைக்குத் திரும்புவோம். அந்தச் சொல்லை மட்டும் தட்டினால் முடி வளர எண்ணெயும் கறிவேப்பிலைப் பொடியும்தான் முதலில் வந்து நிற்கும். அவற்றை விலக்கக் கழித்தல் குறியை ஒட்டி 'முடி', 'பொடி' என்று சேர்க்கலாம். அதைவிட நல்ல வழி, அரிய சொல்லைத் தேடுவது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் சொன்னது இது: எல்லா ஆவணங்களிலும் வரும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கே எடை அதிகம். 'இலை', 'செடி', 'நோய்' போன்றவை எங்கும் இருப்பவை. ஆனால் சுருண்ட கொழுந்தை விரித்துப் பார்த்தால் மெல்லிய வெள்ளை மெழுகு நூல்கள் தெரியலாம். பக்கத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் பழுப்புப் பூச்சி ஒன்று பின்பக்கத்தைச் சாய்வாகத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். 'மெழுகு நூல்', 'பின்பக்கம் தூக்கிய பூச்சி' என்பவைதான் தேடலுக்கு உதவும் சொற்கள். தேடுவதற்கு முன் செடியை உற்றுப் பார்ப்பதும் தேடலின் பகுதிதான்.

அடுத்தது பெயர்கள். கறிவேப்பிலையைக் கருவேப்பிலை என்று எழுதுபவர்கள் ஏராளம், கறிவேம்பு என்பவர்களும் உண்டு. மூன்றையும் தேட வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் 'கறி லீஃப்'. அதற்கும் மேலே அறிவியல் பெயர். இந்தச் செடிக்கு அது 'முரயா கோனிகி' என்று நீண்ட காலம் வழங்கியது. லின்னேயஸ் முதலில் வைத்த 'பெர்கேரா கோனிகி' என்ற பெயருக்கே இப்போது தாவரவியலாளர்கள் பலர் திரும்பியிருக்கிறார்கள். எனவே பழைய கட்டுரைக்கு ஒரு பெயர், புதியதற்கு இன்னொன்று. பெயரில் இருக்கும் 'கோனிக்', 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, இங்கிருந்து செடிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பிய யோஹான் கெர்ஹார்ட் கோனிக். அறிவியல் பெயரைக் கொண்டு தேடினால் பிரேசிலிலும் சீனாவிலும் எழுதப்பட்டவைகூட அகப்படும்.

அப்படிக் கிடைக்கும் ஒரே ஒரு நல்ல கட்டுரை போதும். அதைப் படித்து முடிப்பதைவிட, அது பயன்படுத்தும் சொற்களைக் குறித்துக்கொள்வது அவசரம். அதில் 'டயஃபோரினா சிட்ரி' என்று ஒரு பெயர் இருக்கும். ஜப்பானிய அறிஞர் குவயாமா 1908-இல் விவரித்த சைலிட் பூச்சி அது. எலுமிச்சையும் ஆரஞ்சும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம் என்பதால் எல்லாவற்றின் இளங்கொழுந்திலும் சாறு உறிஞ்சும். ஆரஞ்சு மரங்களுக்குப் பசுமையாதல் என்னும் கொடிய நோயைப் பரப்புவதும் இதுதான். ஃபுளோரிடாவில் 2005-இல் அந்த நோய் கண்டறியப்பட்ட பின் இந்தப் பூச்சியின் முட்டை முதல் இயற்கை எதிரிகள் வரை ஆராய்ந்து தள்ளிவிட்டார்கள். நம் தொட்டிச் செடிக்கான விடை ஆரஞ்சுத் தோட்டக்காரர்களின் எழுத்தில் கிடப்பது இப்படித்தான். அந்தச் சொல்லைப் பிடித்ததும் தேடலை மறுபடி தொடங்க வேண்டும். இந்த இரண்டாம் சுற்றைப் பலர் செய்வதே இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

தமிழில் தேடுபவர்களுக்கு இன்னும் சில தடைகள். 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்', 'மரங்கள்', 'மரக்கிளை' எல்லாம் வெறும் சொல்லடைவில் வராது, அவற்றைத் தனித்தனியே தேட வேண்டும். யூனிகோட் பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்களில் தட்டச்சு செய்தவை, மாற்றப்படாமல் கிடந்தால், இன்றைய விசைப்பலகையிலிருந்து எட்டாது. திரையில் துணைக்கால் போலத் தெரிவது ரகரமாக இருக்கலாம், ஔகாரம் என்று நினைப்பது ஒகரமும் ளகரமுமாக இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. வருடி எடுத்த பழைய இதழ்களில் நிலைமை இன்னும் மோசம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'னை', 'றா' வடிவங்களை எழுத்துணரி மென்பொருள் தவறாகப் படித்துவிடும். பல தொகுப்புகளில் எழுத்துணரியே ஓட்டப்படாமல் பக்கங்கள் வெறும் படங்களாக இருக்கின்றன. அங்கே பொருளடக்கத்தைப் புரட்டுவதைத் தவிர வழியில்லை.

கிடைத்ததன் தேதியைப் பார்க்காமல் எதையும் தெளிக்கக் கூடாது. பழைய வேளாண் குறிப்புகளில் எண்டோசல்ஃபான் தாராளமாகப் பரிந்துரைக்கப்பட்டிருக்கும். 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த நஞ்சு அது. கறிவேப்பிலையோ பறித்த அன்றே குழம்பில் விழுவது.

நூலகர்கள் இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு நெடுங்காலம் முன்பே தீர்வு தேடியவர்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் ஒரே பொருளுக்கு ஒரே தலைப்பு என்ற பட்டியலை வைத்திருக்கிறது. நாம் எந்தப் பெயரில் மாரடைப்பைத் தேடினாலும் அதன் தேடுபொறி மருத்துவத் தலைப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில், ஒரு நூலின் பொருளை அதன் கூறுகளாகப் பிரித்துக் குறிக்கும் வழியைத் தந்தார். செடி எது, அதன் எந்தப் பகுதி, என்ன கோளாறு, எந்த ஊர், எந்தக் காலம் என்று கேள்வியை உடைத்துக்கொண்டால் தேட வேண்டிய சொற்கள் தாமே வந்து நிற்கும்.

சில சமயம் விடை முழுதாக ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்காது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வான்சன் 1986-இல் காட்டியது இதை. குளிரில் விரல்கள் வெளுத்துப்போகும் ரேனாட் கோளாறு உள்ளவர்களுக்கு இரத்தத்தின் பிசுபிசுப்பு கூடியிருக்கும் என்று ஒரு சாரார் எழுதியிருந்தார்கள். மீன் எண்ணெய் அந்தப் பிசுபிசுப்பைக் குறைக்கும் என்று வேறு சாரார் எழுதியிருந்தார்கள். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் படிக்கவில்லை. ஸ்வான்சன் ஆய்வகத்துக்குப் போகவில்லை, நூலகத்தில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் படித்தார். 1989-இல் வந்த மருத்துவச் சோதனையில், ரேனாட் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு மீன் எண்ணெய் பயன் தந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் விடை கிடைக்காமல் போகலாம். அப்போது தயங்காமல் கேட்க வேண்டும், வேளாண் அலுவலரிடமோ நூலகரிடமோ நல்ல தோட்டக்காரரிடமோ. எந்தெந்தச் சொற்களில் தேடினோம், எதைப் படித்தோம், அது ஏன் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டால், அவர் தொடங்க வேண்டிய இடம் தெரியும். கூடவே கண்ணால் கண்டதையும் சொல்ல வேண்டும். கறிவேப்பிலைக் கொழுந்தில் வெள்ளையாகத் தெரிவது நூல் நூலாக இருக்கிறதா, பஞ்சு போல அப்பியிருக்கிறதா, செடியை ஆட்டினால் பக்கத்திலிருந்து பூச்சிகள் தத்துகின்றனவா என்று சொன்னால் போதும். சைலிடா மாவுப்பூச்சியா என்பதை, விவரம் தெரிந்தவர் படத்தைக்கூடப் பார்க்காமல் ஊகித்துவிடுவார்.