டெலிவிஷன் பெட்டிக்குள் ஒரு மலைப்பாதை!

ஏலகிரி மலை ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்புகிறார். 2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல கலர் டெலிவிஷனிலும் இப்படித் திருப்பம் உண்டு. எத்தனை? விநாடிக்கு 15,625!

அங்கே ஓடும் வண்டி, எலெக்ட்ரான் கதிர். ஸ்டியரிங், காந்தம்!

பிக்சர் டியூபின் பின்கழுத்தில் உலோகத் துண்டு ஒன்று சூடாகிறது. எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. ஒன்றையொன்று தள்ளுவதால் சிதறப் பார்க்கின்றன. வழியில் மின்சாரம் ஏற்றிய சிறு உலோகக் குழல்கள் அவற்றை ஊசிமுனைபோல் குவிக்கின்றன. குவியாவிட்டால் படம் மங்கல்தான்.

கழுத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள்கள். மின்சாரம் பாய்ந்ததும் அவை காந்தம் ஆகின்றன. ஒரு ஜோடி கதிரை இடவலமாக வளைக்கிறது; மற்றது மேலும் கீழும். கதிர் கோடு கோடாக ஓடிப் படம் வரைகிறது.

கலர் பெட்டியில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கென 3 கதிர்கள். திரைக்குப் பின்னால் துளையிட்ட மெல்லிய தகடு, ஒவ்வொரு கதிரும் தன் நிறப்புள்ளியை மட்டும் தொடும்படி பார்த்துக்கொள்கிறது.

பையன்கள் திரையருகே காந்தம் வைத்தால்? கதாநாயகிக்குப் பச்சை முகம், ஊதா மூக்கு! சிரிப்பு வரும். ஆனால் தகட்டில் காந்தம் ஏறிவிட்டால், காந்தத்தை எடுத்த பிறகும் நிறக்கறை நிற்கும்.

பழைய பெட்டி இன்னும் பரணில் இருக்கிறதா? பின்மூடியைக் கழற்றாதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் டியூபில் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கலாம். கை பட்டால் ஆபத்து!