பத்மா பாலம் வந்தாச்சு... டாக்காவின் ராத்திரி லாஞ்சுகள் என்ன ஆச்சு?

வங்கதேசத் தலைநகர் டாக்காவில் இருக்கிறது சதர்காட் படித்துறை. சாயங்காலம் ஆனால் புரிகங்கா ஆற்றில் பல மாடி லாஞ்சுகள் வரிசைகட்டி நிற்கும். ராத்திரி கிளம்பினால், தெற்கே உள்ள பாரிசாலுக்கு விடியும் நேரத்தில் போய்ச் சேரலாம். கையில் காசு இருந்தால் கேபின். இல்லையா, டெக் டிக்கெட் எடுத்து, சொந்த பெட்ஷீட்டைத் தரையில் விரித்து இடம் பிடிக்க வேண்டியதுதான். ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டி மாதிரி. என்ன, இங்கே கால் நீட்டிப் படுக்கலாம்!

இந்தப் பயணத்தைப் புரட்டிப்போட்டது, 2022 ஜூன் 25-ல் திறக்கப்பட்ட பத்மா பாலம்.

அப்படி என்ன பாலம் அது?

கங்கைக்குத்தான் வங்கதேசத்தில் பத்மா என்று பேர். வழியில் பிரம்மபுத்திராவின் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். வெள்ளக் காலத்தில் அடிமண்ணையே அரித்துக்கொண்டு ஓடுகிற ஆறு என்பதால், பாலத்தின் பைல்களைச் சுமார் 120 மீட்டர் ஆழம் வரை இறக்கினார்கள். நீளம் 6.15 கி.மீ. மேல்தளத்தில் வாகனங்கள், கீழ்தளத்தில் ரயில். ஊழல் புகாரைச் சொல்லி உலக வங்கி 2012-ல் 120 கோடி டாலர் கடனை ரத்து செய்ய, சொந்தப் பணத்தில் கட்டி முடித்தது வங்கதேசம். இந்தப் புகார் தொடர்பாகக் கனடாவில் நடந்த வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவர்கள் 2017-ல் விடுவிக்கப்பட்டது தனிக்கதை.

முன்பெல்லாம் பஸ்ஸும் லாரியும் மாவா துறையில் ஃபெர்ரிக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். பனிமூட்டம் என்றால் ஃபெர்ரியே ஓடாது. இப்போது பஸ் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் பாரிசால். அப்புறம் ராத்திரி முழுக்க லாஞ்சில் ஏன் போகணும்? கூட்டம் குறைந்தது. லாஞ்ச் முதலாளிகள் ட்ரிப்புகளைக் குறைத்தார்கள்.

அப்போ லாஞ்சே வேண்டாமா?

போலா தீவுக்காரர்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. நாட்டின் மிகப்பெரிய தீவு அது. பாலம் கிடையாது. உடம்பு முடியாதவரை டாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக இருந்தாலும் ஆற்றைத் தாண்டித்தான் ஆகணும்.

லாஞ்ச் பயணம் போட்டோவில் அழகாகத்தான் தெரியும். ஆனால் 2014 ஆகஸ்டில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய பினாக்-6 பத்மாவில் மூழ்கியது. 2021 டிசம்பரில், டாக்காவிலிருந்து பர்குனா போன அபிஜான்-10 லாஞ்சில் நடு ராத்திரி தீப்பிடித்தது. பலர் தூக்கத்தில் இருந்தார்கள். 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இங்கேதான் சிக்கல். பஸ்ஸுக்கு மாற முடிந்தவர்கள் மாறிவிட்டார்கள். வேறு வழியில்லாதவர்கள் லாஞ்சிலேயே இருக்கிறார்கள். வருமானம் குறைந்த முதலாளி முதலில் கைவைப்பது பராமரிப்புச் செலவில்தானே?

ஆறும் ஒத்துழைக்கணும். மழைக்காலத்தில் சுமார் 6,000 கி.மீ. இருக்கும் நீர்வழி, வறண்ட மாதங்களில் வண்டல் மேடுகளால் 3,800 கி.மீ. வாக்கில் சுருங்கிவிடுகிறது. தூர்வாரத் தூர்வார, அடுத்த வெள்ளம் புது வண்டலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறது.