விசா மறுத்தால் கோர்ட்டுக்குப் போகலாமா?

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கச் செல்லும் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு "எச்-1பி" என்ற விசா உண்டு. தனியார் கம்பெனிகளுக்கு ஆண்டுக்கு 85 ஆயிரம் பேர் என்பது கணக்கு. இதைப் பெறுவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள்.

மனு மறுக்கப்பட்டால் என்ன செய்வது? "சர்க்கார் சொன்னது சொன்னதுதான்" என்று பலர் இருந்து விடுகிறார்கள். ஆனால் வழக்குத் தொடுத்து ஜெயித்தவர்களும் உண்டு.

இரண்டு வாசல்கள்

முதலில், வேலை கொடுக்கும் கம்பெனி அமெரிக்கக் குடியேற்ற இலாகாவுக்கு மனுப் போட வேண்டும். அது அங்கீகரிக்கப்பட்ட பிறகு, வெளிநாட்டில் இருக்கும் ஊழியர் அமெரிக்கத் தூதரகத்தில் விசா கேட்க வேண்டும்.

தூதரக அதிகாரி மறுத்தால், பொதுவாகக் கோர்ட்டு தலையிடாது. கணவருக்கு விசா கேட்ட ஒரு பெண்ணின் வழக்கில், 2024-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது.

இலாகா மறுத்தால் கதை வேறு. அதிகாரிகள் நியாயமான காரணமின்றி மனம்போனபடி செய்த முடிவை, 1946-ம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட்டு ரத்து செய்யலாம்.

ஒரு சொல்லால் வந்த வழக்கு

இன்னோவா சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனி, இந்தியர் ஒருவரைக் கம்ப்யூட்டர் புரோகிராமராக நியமிக்க விரும்பியது. பட்டப்படிப்பு "வழக்கமாக"த் தேவைப்படும் வேலை என்று காட்டினால் விசா தரலாம் என்பது விதி. பெரும்பாலான புரோகிராமர்கள் பட்டதாரிகள், ஆனால் சில முதலாளிகள் குறைந்த படிப்பு உள்ளவர்களையும் எடுக்கிறார்கள் என்று சர்க்காரின் தொழில் கையேடு கூறியது. அந்தச் "சில"ரைப் பிடித்துக்கொண்டு இலாகா மனுவைத் தள்ளியது.

கீழ்க்கோர்ட்டில் கம்பெனி தோற்றது. அப்பீல் செய்தது. 2020 டிசம்பரில் ஒன்பதாவது வட்டார அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றி, இலாகா செய்தது நியாயமல்ல என்று கூறிவிட்டது. புரோகிராமர்கள் பற்றி 2017-ல் வெளியிட்ட சுற்றறிக்கையை, 2021 பிப்ரவரியில் இலாகா வாபஸ் வாங்கியது.

ஜெயித்தால் விசா வருமா?

உடனே வராது. பெரும்பாலும், மனுவை மறுபடி பரிசீலிக்கும்படி கோர்ட்டு இலாகாவுக்கே திருப்பி அனுப்பும். வழக்குப் போட்டதாலேயே அமெரிக்காவில் தங்கும் உரிமையும் கிடைத்துவிடாது. வழக்குத் தொடுப்பது பெரும்பாலும் கம்பெனிதான். அது ஒதுங்கிவிட்டால் ஊழியர் பாடு திண்டாட்டம்!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இத்தகைய வழக்கில் கோர்ட்டு புதிய சாட்சியங்களைப் பொதுவாக ஏற்பதில்லை. இலாகாவிடம் ஏற்கெனவே உள்ள காகிதங்களைத்தான் பார்க்கும். ஆகவே படிப்புச் சான்று, வேலை விவரம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் மனுவோடு சேர்த்துக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.