மாத்திரையின் உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து, மும்பையில் முப்பது வருடமாகக் குமாஸ்தா வேலை பார்ப்பவர் அவர். ரத்தக் கொதிப்புக்கு வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார்.

கோயில் கொடைக்கு ஊருக்குப் போன இடத்தில் லேசாகத் தலை சுற்றியது. அங்குள்ள டாக்டர் பார்த்துவிட்டு, கொதிப்புக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஏற்கனவே நான் மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று இவர் சொல்லவில்லை. மும்பைக்குத் திரும்பிய பிறகு, அது காலையில், இது இரவில் என்று இரண்டையும் விழுங்கி வந்தார்.

சில நாளில் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. தாதர் ரயில் நிலையத்தில் படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூட வந்தவர் தாங்கிப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார். "கிட்னி போய்விட்டதோ!" என்று வீட்டில் ஒரே அழுகை.

பக்கத்து வீட்டுப் பையன் மருந்தாளுநர் படிப்புப் படிப்பவன். "மாமா, நீங்க சாப்பிடுற மாத்திரை அட்டையையெல்லாம் எடுத்துட்டு வாங்க, பாப்போம்" என்றான்.

அட்டை இரண்டு. நிறம் வேறு. கம்பெனி வேறு. பெரிய எழுத்தில் இருந்த பெயரும் வேறு. ஆனால் பொடி எழுத்தில் இருந்தது இரண்டிலும் ஒன்றுதான்: அம்லோடிபின், 5 மில்லிகிராம்!

ஒரே மருந்தை இரண்டு பங்காகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். கால் வீக்கம் அந்த மருந்தின் பக்க விளைவுகளில் ஒன்று. அளவு கூடினால் வீக்கமும் கூடும். டாக்டரிடம் ஓடினார்கள். ஒரு மாத்திரையை டாக்டர் நிறுத்தினார். வீக்கம் வடிந்தது.

இரண்டு டாக்டர்கள் மீதும் தவறு இல்லை. மருந்தும் கெட்ட மருந்து இல்லை. தான் சாப்பிடுவது என்ன என்று அவருக்குத் தெரியாததுதான் வினை.

மருந்துக்கு இரண்டு பெயர்

ஒவ்வொரு மாத்திரைக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று, கம்பெனி வைத்த பெயர். மற்றொன்று, மருந்தின் சொந்தப் பெயர். கம்பெனிக்குக் கம்பெனி முதல் பெயர் மாறும். இரண்டாவது பெயர் மாறாது.

ஊரில் ஒரு டாக்டர், இங்கே ஒரு டாக்டர், வேலை செய்யும் இடத்தில் ஒரு டாக்டர் என்று பார்க்கிற நமக்கு இந்த இரண்டாவது பெயர்தான் முக்கியம். டாக்டர்கள் மருந்தின் சொந்தப் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ம் ஆண்டிலேயே விதி செய்தது. கிறுக்கலாக இருந்தால், "பெயரைப் புரியும்படி எழுதித் தாருங்கள்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நாலு மாத்திரை கேட்டால், கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார். பெயரும் காலாவதித் தேதியும் பல சமயம் மிச்சத் துண்டோடு கடையிலேயே நின்றுவிடும். பெயர் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் முழு அட்டையையும் அங்கேயே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லும் வாங்குங்கள்.

காலாவதி என்று மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை சாப்பிடலாம். அதற்கு மேல் கூடாது.

சிவப்புக் கோடு சும்மா இல்லை

"பாய்சாப், யே வாலா தஸ் கோலி தேனா!"

பழைய அட்டையை நீட்டி இப்படிக் கேட்காதவர் நம்மில் எத்தனை பேர்? டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போகும், பீஸ் வேறு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு. கணக்கு நியாயமானதுதான். ஆனால் முடிவு ஆபத்தானது.

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் அட்டையில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் இத்தகைய மருந்துகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அது 'எச்' பட்டியல். 2014 மார்ச் மாதம் முதல் 'எச் 1' என்று இன்னும் கண்டிப்பான பட்டியல் ஒன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதில் உள்ள மருந்தை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சில வகை ஆன்டிபயாட்டிக்குகள், காச நோய் மருந்துகள், பழக்கப்படுத்திவிடும் தூக்க மாத்திரைகள் முதலியவை அதில் அடங்கும்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சலும் இந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மலேரியா, டெங்கு, எலிக் காய்ச்சல் மூன்றும் மும்பை மழையோடு வருபவை. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைச் சாப்பிட்டால் ரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் அதிகரிக்கும். பழைய அட்டையைக் காட்டி அதே மாத்திரையை வாங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

பெரியவர் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதும் கூடாது. நிமெசுலைடு என்ற வலி மருந்தை 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு 2011-ம் ஆண்டு நம் நாட்டில் தடை போடப்பட்டது.

பக்க விளைவு என்றால் பயப்படவா?

வேலை செய்கிற மருந்து எதற்கும் பக்க விளைவு இருக்கக்கூடும். எல்லோருக்கும் அது வருவதில்லை. வந்தாலும் எல்லாம் ஆபத்தானவை அல்ல. பயந்து நிறுத்துவதும் தவறு, தெரியாமல் தொடர்வதும் தவறு. மூன்று வகையாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, தெரிந்திருந்தால் போதும். காச நோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது ரத்தம் அல்ல. இரும்புச் சத்து மாத்திரையால் மலம் கறுக்கும். சளிக்குக் கொடுக்கும் செட்ரிசின் மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரலாம். வீட்டில் இருப்பவருக்கு இது சிறிய விஷயம். லேத் மெஷினில் நிற்பவருக்கும், டாக்சி ஓட்டுபவருக்கும், சாரத்தில் ஏறிப் பூச்சு வேலை செய்பவருக்கும் இது உயிர் விஷயம். உங்கள் தொழில் என்ன என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டாவது வகை, டாக்டரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு. கொதிப்புக்குச் சாப்பிடும் எனலாபிரில், ராமிபிரில் மருந்துகளால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இது தெரியாமல் மாதக் கணக்கில் இருமல் டானிக் குடிப்பவர்கள் உண்டு. மருந்தை மாற்றினால் இருமல் நின்றுவிடும். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்பார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். உணவோடு சாப்பிட்டால் பெரும்பாலும் குறையும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, வேலை அவசரத்தில் சாப்பாட்டை விட்டுவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வகை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை. உதடு, நாக்கு, முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், உடம்பெங்கும் தடிப்பு, தோலில் கொப்புளமும் வாய்க்குள் புண்ணும், கண் மஞ்சளாதல், ரத்த வாந்தி, தார் போல ஒட்டும் கறுப்பு மலம். இவற்றில் ஒன்று வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பாதியில் நிறுத்தினால்...

காச நோய் மருந்துதான் இதற்குப் பெரிய பாடம். சாதாரணக் காச நோய்க்கான வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. அரசு இதை இலவசமாகக் கொடுக்கிறது. இரண்டு மாதத்திலேயே இருமல் நிற்கும், உடம்பு தேறும். வயிற்றைப் புரட்டுகிறது என்று அந்தச் சமயத்தில் நிறுத்துபவர் பலர். ஊருக்குப் போகிறவர் மருந்தை இங்கேயே விட்டுப் போவதும் உண்டு. கிருமி அப்போது சாகாமல், மருந்துக்கு அடங்காததாக மாறலாம். பத்துக்குப் பத்து அறையில் கூட இருப்பவர்களுக்கும் அது பரவும்.

ஊருக்குப் போவதானால் முன்னதாகவே மையத்தில் சொல்லுங்கள். அங்கே தொடர ஏற்பாடு செய்வார்கள். குமட்டல் என்றாலும் சொல்லுங்கள், வழி இருக்கிறது. ஆனால் கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பு பச்சை நிறம் பிரித்துத் தெரியாவிட்டாலோ அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கொதிப்புக்கான அட்டெனலால், பலவித நோய்களுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஆகியவற்றையும் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்கும் முறை உண்டு. அது டாக்டர் வேலை.

உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை

நாள் முழுதும் மூட்டை தூக்குபவர், தையல் மெஷினில் குனிந்தே இருப்பவர், இரவில் ஒரு வலி மாத்திரை போட்டால்தான் தூக்கம் என்பார். டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவற்றைத் தினமும் விழுங்கினால் குடலில் புண் வரலாம். சிறுநீரகமும் கெடலாம். வெறும் வயிற்றில் போடுவது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, கூடவே மது என்றால் அபாயம் பெருகும்.

பாராசிட்டமால் சாதுவானது என்று பெயர். அதற்கும் எல்லை உண்டு. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஒரு நாளில் 4,000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 650 மில்லிகிராம் மாத்திரையானால் ஆறுக்கு மேல் கூடாது. மது குடிப்பவருக்கும் ஈரல் நோய் உள்ளவருக்கும் இதைவிடக் குறைவு. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று போட்டால் கணக்கு இரட்டித்து ஈரலைத் தாக்கும். பொடி எழுத்தைப் படியுங்கள் என்பது இதற்காகத்தான்.

பெயர் இல்லாத பொட்டலத்தில் கட்டித் தரும் கலர் மாத்திரைகளை வாங்கவே வாங்காதீர்கள். ஒரே நாளில் வலி மாயமாகப் போனால் அதில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். மாதக் கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும்.

'சக்கர்' என்றால் சர்க்கரை அல்ல!

மொழிச் சிக்கலையும் சொல்ல வேண்டும். "சக்கர் ஆதா ஹை கியா?" என்று டாக்டர் கேட்க, சர்க்கரை இருக்கிறதா என்கிறார் என நினைத்து "இல்லை" என்று தலையாட்டுபவர் உண்டு. 'சக்கர்' என்றால் தலைசுற்றல். 'உல்டி' வாந்தி. 'குஜ்லி' அரிப்பு. 'சூஜன்' வீக்கம். இந்த நாலு சொல் தெரிந்தால் பாதிப் பக்க விளைவுகளைச் சொல்லிவிடலாம்.

மருந்து வாங்கும்போது இரண்டு கேள்வி: "தின் மே கித்னி பார்?" ஒரு நாளில் எத்தனை தடவை? "கானே கே பஹலே யா பாத் மே?" சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலையும் இரவும், மதியம் இல்லை என்று பொருள்.

சட்டைப் பையில் ஒரு காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மருந்துகளின் சொந்தப் பெயர், அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும், பெண்கள் கர்ப்பமாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நீங்களே புகார் செய்யலாம்

தாலிடோமைடு என்ற மருந்து 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் வாந்திக்கும் அதைக் கொடுத்தார்கள். கை கால் குறைபாட்டோடு 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 1961-ல்தான் அங்கே அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. பக்க விளைவுகளைக் கேட்டு எழுதி, ஒன்று சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு உலகில் வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டில் 2010 முதல் அந்த வேலை முறையாக நடக்கிறது. மருந்தால் தொந்தரவு வந்தால் டாக்டர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. நோயாளியே 1800-180-3024 என்ற எண்ணுக்கு, வேலை நாட்களில், அலுவலக நேரத்தில் இலவசமாகப் பேசலாம். உங்களுக்கு வந்த தொந்தரவு, மற்றொருவருக்கு எச்சரிக்கை ஆகும்.

இன்று இரவு மாத்திரை போடும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்து தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டில் இருந்தால், நாளைக் காலை முதல் வேலையாக டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.