மரத்துப்போன விரலும் நாலு ஆம்பியர் மின்சாரமும்

போன ஜனவரியில் ஒரு நாள் காலை, ஆறரை மணி இருக்கும். லவ்டேல் சந்திப்பைத் தாண்டி குன்னூர் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவு திரும்பினதும் ரோட்டின் நடுவில் ஒரு காட்டுமாடு. நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது அதிசயம் இல்லை, வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடுவோம். முன் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி மூளை உத்தரவு போட்டாச்சு. விரல் கேட்கவில்லை. லிவர் மேல் விரல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனா எவ்வளவு அழுத்துறோம், அழுத்துறோமா இல்லையா என்பதே தெரியவில்லை. கால் பிரேக்கை மிதித்து, பின் சக்கரம் வழுக்கி, ஒரு ஆள் நீளம் இருக்கும்போது நின்றேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது.

அன்றைக்கு ஆபீசில் முதல் அரை மணி நேரம் டீ கிளாஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பயத்தில் என்று நண்பர்கள் நினைத்தார்கள். பாதி அதுதான். மீதிப் பாதி, விரல் சூடாகும்போது விண் விண்ணென்று தெறிக்கும் அந்த வலி. அதன் பிறகுதான் இந்தக் குளிர், கை, சூடேறும் ஹேண்டில் கிரிப் விவகாரத்தை உட்கார்ந்து படித்தேன், பிறகு என் வண்டியிலேயே செய்தும் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் குளிர் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். என் வீட்டுப்பக்கம் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விடிகாலையில் புல்வெளி வெள்ளையாக இருக்கும். தலைகுந்தா மாதிரி பள்ளமான இடங்களில் உறைபனியைப் படம் எடுக்கவே ஆட்கள் வருகிறார்கள். நான் கிளம்பும் நேரத்துக்கு 3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அமெரிக்காவும் கனடாவும் 2001-இலிருந்து பயன்படுத்தும் காற்றுக்குளிர் சூத்திரத்தில் இந்த இரண்டு எண்களையும் போட்டால் விடை சுமார் மைனஸ் 3 என்று வருகிறது.

இந்த எண்ணைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். காற்று மைனஸ் 3-க்குப் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. வண்டியில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி ஓட்டினாலும் அது 3 தான் காட்டும். நம் தோலை ஒட்டி மெல்லிசாக ஒரு சூடான காற்றுப் படலம் எப்போதும் இருக்கும். வண்டி ஓடும்போது அந்தப் படலத்தைக் காற்று உரித்து எடுத்துக்கொண்டே போகிறது. அதனால் சூடு பறிபோகும் வேகம், மைனஸ் 3 டிகிரியில் கிட்டத்தட்டக் காற்றே இல்லாமல் இருக்கும்போது பறிபோகும் வேகத்துக்குச் சமம், அவ்வளவுதான். இன்னொன்று, அந்தச் சூத்திரம் முகத்துக்காகப் போட்டது. கையைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். விரல் என்பது ஒல்லியான குழாய். உள்ளே இருக்கும் சதைக்கு அதன் வெளிப்பரப்பு ரொம்ப அதிகம், சூடு உண்டாக்கத் தசையும் அங்கே கிடையாது. விரலை இயக்கும் தசைகளில் பெரும்பாலானவை முழங்கைக்குக் கீழேதான் இருக்கின்றன, அங்கிருந்து நரம்புக்கயிறு மாதிரி தசைநார்கள்தான் விரலுக்கு வருகின்றன. அதாவது விரலுக்கு வரும் சூடு எல்லாம் ரத்தத்தில் வரவேண்டியதுதான்.

அந்த ரத்தத்தைத்தான் உடம்பு முதலில் நிறுத்துகிறது. நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உயிருக்கு ஆபத்து. அதனால் குளிர் தட்டியதும் கை, கால் விரல்களுக்குப் போகும் குழாய்களை உடம்பு சுருக்கிவிடுகிறது. நெருக்கடி வந்தால் எந்த வீட்டிலும் முதலில் வெட்டு விழுவது கடைக்குட்டிக்குத்தானே, அந்த மாதிரி. ஆனால் ஒரேயடியாகவும் கைவிடுவதில்லை. ஐஸ் தண்ணீரில் விரலை வைத்தால் ஐந்து, பத்து நிமிடத்துக்குப் பிறகு குழாய்கள் திடீரென்று திறந்து விரல் கொஞ்சம் சூடாகும், மறுபடி சுருங்கும், மறுபடி திறக்கும். தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930-இல் இதை விவரித்திருக்கிறார். உடம்பின் மையப்பகுதி சூடாக இருந்தால்தான் இந்தத் திறப்பு நன்றாக நடக்கும். ஸ்வெட்டர் போடாமல் கையுறை மட்டும் போட்டுக்கொண்டு போனால் கை விறைப்பதற்குக் காரணம் இதுதான். மப்ளரைக் கழுத்தில் சுற்றினாலே விரலுக்கு வித்தியாசம் தெரியும். எங்க ஊர்ப் பெரியவர்கள் இதை லூயிஸைப் படிக்காமலே செய்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, விரல் குளிர்ந்தால் என்ன? விரல் தோலின் வெப்பம் சுமார் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நுணுக்கமான வேலைகள் தடுமாற ஆரம்பிக்கின்றன. 8 டிகிரிக்குப் பக்கத்தில் தொடு உணர்ச்சியே மங்கிவிடுகிறது. பிரேக் பிடிப்பது வெறும் பலம் சம்பந்தப்பட்ட வேலை என்றால் பரவாயில்லை. முன் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரல் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒன்று குறைவாகப் பிடிப்போம், அல்லது சக்கரம் பூட்டிக்கொள்ளும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் போகிறது. விரல் அரை விநாடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர். அன்றைக்கு எனக்கும் காட்டுமாட்டுக்கும் நடுவே மிச்சம் இருந்தது அதைவிடக் குறைவு.

கையுறை போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டேன். இறுக்கமாக இரண்டு கையுறை போடுவதைவிடத் தொளதொளவென்று ஒன்று போடுவது மேல், இறுக்கினால் உள்ளே காற்றுக்கும் இடமில்லை, ரத்தமும் ஓடாது. கேத்தியிலிருந்து விடிகாலையில் கேரட் லோடு விஷயமாக வண்டியில் வரும் ஆட்கள் கையுறைக்கு மேல் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொள்வார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனா காற்றை நிறுத்துவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சிக்கல், அது வழுக்கும். மேலும் கையுறை எவ்வளவு தடியாக இருந்தாலும் அது சூட்டை உண்டாக்காது, இருப்பதைக் காப்பாற்றும். ரத்தம் வராத விரலில் காப்பாற்ற என்ன இருக்கிறது?

அதனால்தான் வெளியிலிருந்து சூடு கொடுக்கும் யோசனை. இது புதிதும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் போனவர்கள் மின்கம்பி தைத்த உடையும் கையுறையும் போட்டிருந்தார்கள். வண்டியில் செய்வது அதைவிட எளிது. ஹேண்டிலில் கை பிடிக்கும் ரப்பர் கிரிப்புக்குள்ளே மெல்லிய வெப்பக் கம்பியோ படலமோ பதித்திருப்பார்கள், மின்சாரம் ஓடினால் சூடாகும். அயர்ன்பாக்ஸ் தத்துவம்தான்.

கணக்கு இது. என்னுடைய ஜோடியில் ஒவ்வொரு கிரிப்பும் சுமார் 6 ஓம். இரண்டும் இணையாக இருப்பதால் மொத்தம் 3 ஓம். 12 வோல்ட்டை 3-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். அதாவது 48 வாட். கைக்கு 24 வாட். கேட்க அற்பமாக இருக்கும், ஒரு பழைய ஜீரோ வாட் பல்பு சமாசாரம் மாதிரி. ஆனால் அது நேராக உள்ளங்கைக்குப் போகிறது என்பதுதான் விஷயம்.

மாட்டும்போது நான் செய்த முதல் தப்பு, ஒயரை நேராக பேட்டரியில் கொடுத்தது. "சார், சிம்பிளா முடிச்சிரலாம், சுவிட்ச்தான் இருக்கே" என்று மெக்கானிக் தம்பி சொன்னார், நானும் தலையாட்டிவிட்டேன். இரண்டாம் நாளே குன்னூரில் வண்டியை நிறுத்திவிட்டு கிரிப்பை அணைக்க மறந்தேன். என் பேட்டரி 5 ஆம்பியர்-மணி. 4 ஆம்பியர் இழுத்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் வண்டியில் ஹாரன்கூட முனகவில்லை. மலையில் ஒரு வசதி, எங்கே நிறுத்தினாலும் பக்கத்தில் ஒரு இறக்கம் இருக்கும். பழைய கார்புரேட்டர் வண்டி, உருட்டி கியரில் போட்டதும் கிளம்பிவிட்டது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேண்டும், தள்ளுவண்டிதான்.

சரியான வழி, நடுவில் ஒரு ரிலே வைப்பது. சாவியைத் திருப்பினால் உயிர் வரும் ஏதாவது ஒரு லைனிலிருந்து, உதாரணமாக டெயில் லைட் ஒயரிலிருந்து, ரிலேயைத் தூண்டவேண்டும். பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக, ரிலே வழியாக கிரிப்புக்குப் போகும். சாவியை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும். ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கவேண்டும். கிரிப் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது வேடிக்கைதான் பார்க்கும்.

அடுத்து, வண்டி இவ்வளவு கரண்ட் கொடுக்குமா என்ற கேள்வி. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும். சின்ன வண்டிகளில் ஹாலஜன் பல்பு என்றால் அதுவே 35 வாட். அதோடு டெயில் லைட், இக்னிஷன். அதுக்கு மேலே நம்ம 48. ஐட்லிங்கில் வண்டியின் மின் உற்பத்தி ரொம்பக் குறைவு, எஞ்சின் சுற்றச் சுற்றத்தான் ஏறும். நான் பேட்டரியில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் கத்திக்கொண்டு போகும்போது 14-க்குப் பக்கத்தில் நிற்கிறது. சேரிங் கிராஸில் சுற்றுலா சீசன் நெரிசலில் நின்றால் 12.2-க்கு இறங்குகிறது, அதாவது பேட்டரி கைக்காசைப் போட்டுச் செலவு செய்கிறது. அப்போது அணைத்துவிடுவேன். நிற்கும்போதுதான் காற்றும் இல்லையே. 100 சிசி வண்டிக்காரர்கள் மேனுவலில் ஜெனரேட்டர் எத்தனை வாட் என்று பார்க்காமல் இதில் இறங்கவேண்டாம்.

ஒரு வாரம் ஓட்டியதும் ஒரு விசித்திரம் கவனித்தேன். வலது கை இதமாக இருக்கிறது, இடது கை அரைகுறை. ஒயரிங்கில்தான் தப்பு என்று பிரித்து, மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே 6 ஓம். விடை ரொம்ப எளிது. வலது கிரிப் ஆக்சிலேட்டரின் பிளாஸ்டிக் குழாய் மேல் உட்கார்ந்திருக்கிறது. இடது கிரிப் நேராக இரும்பு ஹேண்டில் மேல். நான் பேட்டரி செலவில் ஹேண்டில் பாரை முழுக்கச் சூடாக்கிக்கொண்டு போயிருக்கிறேன்! இடது கிரிப்பை உருவி, உள்ளே பாரின் மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஒரு சுற்றுப் போட்டதும் சரியாகிவிட்டது. வலது பக்கம் கவனிக்கவேண்டியது வேறு. அந்த கிரிப் திரும்புகிறது, அதோடு ஒயரும் திரும்பும். தளர்வு விடாமல் கட்டினால் ஒரு நாள் ஒயர் அறும், அல்லது அதைவிட மோசமாக ஆக்சிலேட்டர் திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளும். மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஆக்சிலேட்டரை விட்டால் தானாகச் சட்டென்று மூடுகிறதா என்று பார்க்கவேண்டும். இதை மட்டும் சோம்பல்படாதீர்கள்.

கிரிப்பால் தீராத ஒன்றும் உண்டு. சூடு உள்ளங்கைப் பக்கம், காற்று அடிப்பது புறங்கைப் பக்கம். லிவர் மேல் நீட்டி வைத்திருக்கும் இரண்டு விரலுக்கு கிரிப்பின் சூடு சரியாகப் போய்ச் சேராது, அது தொட்டுக்கொண்டிருப்பதும் சில்லென்ற அலுமினியம். அதனால் காற்றைத் தடுக்க முன்னால் ஒரு கவசம் வேண்டும். நான் 5 லிட்டர் ஆயில் கேனை வெட்டி ஹேண்ட்கார்டு செய்தேன். என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்தது தனிக்கதை. ஆனா உண்மையைச் சொன்னால், காசில்லாத அந்தக் கேன் பாதி வேலை செய்கிறது, காசு போட்ட கிரிப் மீதிப் பாதி. கையுறையும் மாறவேண்டும். உள்ளங்கையில் தடிமன் இருந்தால் கிரிப்பின் சூட்டையும் அது தடுத்துவிடும். உள்ளங்கை மெல்லிசு, புறங்கை தடிமன் என்று இருப்பதுதான் சரி.

கிரிப் மாட்டிய செய்தி பரவி, எங்க தெருவில் காய்கறி வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் வந்தார். "தம்பி, எனக்கும் ஒண்ணு மாட்டிக் குடு, கை செத்துப்போகுது." அவருக்குச் சர்க்கரை, பதினைந்து வருஷமாக. நான் தயங்கினேன். மரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947-இல் வெளியிட்ட தீக்காய ஆய்வுப்படி, 44 டிகிரி சூடுகூட சுமார் ஆறு மணி நேரம் விடாமல் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். வெப்பம் ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று குறையும். நல்ல உணர்ச்சி உள்ள கை சுடுது என்று உடனே விலகும். சர்க்கரையால் நரம்பு மங்கிய கைக்கு அது தெரியாது. விறைத்துப்போன கைக்கும் தெரியாது. நானே ஒரு தடவை வெறும் கையோடு முழுச் சூட்டில் வைத்து ஓட்டிவிட்டு, வீட்டில் வந்து பார்த்தால் உள்ளங்கை சிவந்து கிடந்தது.

"அண்ணே, டாக்டர்கிட்ட கை உணர்ச்சி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க, அப்புறம் மாட்டலாம்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அடுத்த வாரம் வந்தார். டாக்டர் காலில் மெல்லிய நைலான் இழை வைத்து அழுத்திப் பார்த்தாராம், இடது பாதத்தில் மூன்று இடத்தில் ஒன்றுமே தெரியவில்லையாம். கையில் தெரிகிறது, ஆனால் ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது அவர் வண்டியில் கிரிப் மாட்டவில்லை. என்னுடைய மாதிரியே ஆயில் கேன் கவசமும், நெஞ்சில் ஒரு கம்பளி பனியனும், செருப்புக்குப் பதிலாக ஷூவும். ஏழு மணிக்கு முன்னால் கிளம்புவதை மகன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

அந்த மகன் வண்டிக்குத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கிரிப் மாட்டினேன். இடது பக்கம் ஹீட் ஷ்ரிங்க் முதலிலேயே போட்டாச்சு.