வில்லங்கம் தேடினால் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கா?

திருத்தணியில் ஒரு மனை பார்த்திருக்கிறீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் தேடுகிறீர்கள். போனில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கிறது, கடைசியில் 'டைம் அவுட்'. "ஒண்ணும் வரல, அப்போ வில்லங்கம் இல்ல" என்று புரோக்கர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். தேடி முடித்து பதிவு இல்லை என்று காட்டுவது வேறு. தேடல் பாதியில் அறுந்துபோவது வேறு.

ஏன் அறுகிறது? சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களுக்கு அட்டவணை வைக்க வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம், பிரிவு 55. சொத்துப் பத்திரங்களில் ஆட்களின் பெயருக்கு முதல் அட்டவணை, சொத்து விவரத்துக்கு இரண்டாம் அட்டவணை. அன்று எழுத்தர் தடிமனான புத்தகத்தைப் புரட்டினார். இன்று கணினி புரட்டுகிறது. நாற்பது வருடத்தை ஒரே மூச்சில் கேட்டால், திரட்டி முடிப்பதற்குள் சர்வரின் நேர வரம்பு தாண்டிவிடலாம்.

அதனால் வருடங்களைப் பிரியுங்கள். 01-01-1990 முதல் 31-12-1999 வரை ஒரு தேடல், அடுத்தது 01-01-2000 முதல். நடுவில் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது, விடுபட்ட நாளில்தான் அடமானம் இருக்கும்! சர்வே எண்ணோடு உட்பிரிவு எண்ணையும் கொடுத்தால் தேடல் சுருங்கும். ஆனால் உட்பிரிவு ஆவதற்கு முந்தைய பத்திரங்கள் பழைய எண்ணில்தான் பதிவாகியிருக்கும். 112/2 என்று தேடியவர் 112 என்றும் ஒருமுறை தேட வேண்டும். தாய்ப்பத்திரம் கையில் இருந்தால் ஆவண எண், ஆண்டு கொடுத்துத் தேடுவது இன்னும் சுலபம்.

பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தமும் புதுக் கோரிக்கையாகப் போகலாம். பக்கத்தை மூடி, மறுபடி திறந்து, காலையில் சீக்கிரமோ இரவிலோ பாருங்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலையடிவாரத்தில் நின்று தேடினால் டவரே திணறும், அதற்கு இணையதளத்தைத் திட்டிப் பயனில்லை.

திருத்தணிக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தாத்தா காலத்துப் பத்திரம் தெலுங்கில் இருக்கலாம். அவ்வளவு பழசு கணினி அட்டவணையில் ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏறவில்லை என்றால் எத்தனை முறை தேடினாலும் வராது. அந்தக் காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, கட்டணம் கட்டி, கைப்புத்தகத்தில் தேடச் சொல்ல வேண்டும்.

திரையில் பார்ப்பது உங்கள் தகவலுக்கு மட்டும். வங்கிக் கடனுக்கு முறையாக விண்ணப்பித்துப் பெற்ற சான்றுதான் கேட்பார்கள். பதிவு செய்யாத ஒப்பந்தமும் வரி பாக்கியும் இதில் வராது, அவற்றைத் தனியாக விசாரியுங்கள்.