முதல் அறுபது அடி

நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு நேர்ப்பாதையில் ஒரு குறித்த தூரத்தை, வழக்கமாகக் கால் மைலை, அதாவது 402 மீட்டரை, யார் முதலில் கடப்பது என்பதுதான் டிராக் ரேஸ். 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கம் உருவான பிறகு அமெரிக்காவில் ஒழுங்குபெற்ற இந்தப் பந்தயத்தைப் பார்க்கிறவர்கள் எஞ்சின் பலமே வெற்றி தருவதாக நம்புகிறார்கள். ஆனால் முதல் 60 அடியிலேயே பெரும்பாலும் முடிவு தெரிந்துவிடுகிறது. அங்கே பத்தில் ஒரு நொடி மிச்சமானால், எல்லைக் கோட்டில் அது ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பந்தயக்காரர்களின் அனுபவக் கணக்கு. அந்த அறுபது அடியும் டயரின் பிடிமானத்தை நம்பியிருக்கிறது.

இதைக் கணக்கிலேயே பார்க்கலாம். 1,500 கிலோ எடையுள்ள கார், முன்னும் பின்னும் எடை சமம், இழுப்பது பின்சக்கரம், இரு அச்சுகளுக்கும் இடைவெளி 2.7 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். டயரின் உராய்வுக் குணகம் 1 என்றால், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.61 பங்குக்கு மேல் இந்தக் கார் பாய முடியாது. எஞ்சின் 300 குதிரைத்திறனானாலும் 800 ஆனாலும் இதுவே உச்சம். மிச்சமெல்லாம் புகையாகப் போகும். இப்போது குணகத்தை 1.5 ஆக்குவோம். முடுக்கம் 1.04 பங்காகிறது. பிடிமானம் 50 சதவீதம் கூட, பாய்ச்சல் 70 சதவீதம் கூடுகிறது. காரணம், கார் முன்னால் பாயும்போது எடை பின்சக்கரத்துக்கு மாறுகிறது. முதல் கணக்கில் சுமார் 170 கிலோ, இரண்டாவதில் ஏறத்தாழ 290 கிலோ. பிடிமானமே மேலும் பிடிமானத்தைக் கொண்டுவருகிறது. முன்சக்கரம் இழுக்கும் காரில் இதே விதி எதிராகத் திரும்பி, குணகம் 1 ஆக இருக்கும்போது 0.42 பங்கோடு நிறுத்திவிடுகிறது.

உராய்வு தொடுபரப்பைப் பொறுத்ததல்ல என்று பள்ளியில் படித்தோமே, பிறகு எதற்கு அத்தனை அகல டயர் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பாடம் உலோகம், மரம் போன்ற கெட்டிப் பொருள்களுக்குப் பொருந்தும். ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் நெளிந்து இறங்குகிறது, ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. ஒரே இடத்தில் பாரம் ஏற ஏற அதன் குணகம் குறைகிறது. ஆகவே பாரத்தைப் பரப்ப வேண்டியிருக்கிறது. டிராக் ரேஸின் உச்ச வகையான டாப் ஃபியூயல் கார்களின் பின்டயரில் ஏறக்குறைய 7 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம்தான், புறப்படும்போது பக்கச்சுவர் சுருங்கி மடிந்து, தரையைத் தொடும் பரப்பு நீளுகிறது. பந்தயத்துக்கு முன் தண்ணீரில் டயரைச் சுழலவிட்டுப் புகை கிளப்புவது வேடிக்கை காட்டவல்ல. ரப்பர் சூடாகி இளகுகிறது, ஒட்டியிருக்கும் தூசி போகிறது. பாதையிலும் பிசின் கலவை தெளித்து ரப்பரைப் பூசுகிறார்கள்.

அடுத்த மறுப்பு: நான்கு சக்கரமும் இழுத்தால் எல்லாம் தீர்ந்துவிடாதா? சாலை டயரில் தீரும். மேற்சொன்ன காரே 0.61-க்குப் பதில் முழு 1 பங்கை எட்டும். இன்றைய மின்கார்களில் பல இப்படித்தான் அசரவைக்கின்றன. ஆனால் முடுக்கம் ஏற ஏற முன்சக்கரத்தில் பாரமே மிஞ்சாது. நம் கணக்கில் 2.7 பங்கில் அது தரையை விட்டு எழும்பிவிடும். டாப் ஃபியூயல் கார்கள் பாய்வது 4 பங்குக்கும் மேலே. அங்கே முன்சக்கர இயக்கம் வெறும் சுமை.

எஞ்சினைத் தரைக்கு ஏற்ப அடக்குவதும் இதே வேலையின் பாதி. டயர் சற்றே நழுவும்போதுதான் பிடி உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டிச் சுழன்றால் சரியும். 11,000 குதிரைத்திறனுக்கு மேல் தரும் டாப் ஃபியூயல் எஞ்சினை, பல தட்டுக் கிளட்சை நழுவவிட்டுப் படிப்படியாகவே சக்கரத்தோடு இணைக்கிறார்கள். சக்கர நழுவலை உணர்ந்து தானே திருத்தும் மின்னணுக் கருவிக்கு அங்கே தடை. பாதையின் வெப்பத்தை அளந்து, அதற்கேற்பக் கிளட்சை முன்கூட்டியே அமைப்பது மெக்கானிக்குகளின் பொறுப்பு. மாலையில் பாதை குளிர்ந்ததும் காலையின் அமைப்பு உதவாமல் போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மறுபடி கணக்குப் போடுகிறார்கள்.